முதலில் அரிப்பைத் தேடுங்கள்

காரைக்குடிப் பக்கம் இன்று தெருவுக்கு நாலு வீட்டில் நாய் வளர்க்கிறார்கள். முன்பு தோட்டத்துக் காவலுக்கு ஒரு நாட்டு நாய் இருக்கும். வேட்டைப் பழக்கம் இருந்த வீடுகளில் ஒரு மண்டை நாயோ சிப்பிப்பாறையோ நிற்கும். இப்போது லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் எல்லாம் வந்துவிட்டன. கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இந்த மாவட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். டாக்டர் இல்லை. டாக்டர்கள் பக்கத்தில் நின்று நாயைப் பிடித்துக்கொண்டு, முடி வெட்டி, புண் கழுவி, கட்டுப் போட்டே வயதானவன். முதல்முறையாக நாய் வளர்க்கும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது, திடீரென்று சிவந்து நீர் கசிகிற புண்ணைப் பற்றித்தான். அதற்கு என் பதில் இது.

1. அந்தப் புண்ணை நாயே உண்டாக்குகிறது என்பதை முதலில் மனதில் வையுங்கள். டாக்டர்கள் இதை ஹாட் ஸ்பாட் என்பார்கள். நான் ஈரப்புண் என்றே எழுதுகிறேன். ஏதோ ஒன்று அரிக்கிறது. நாய் நக்குகிறது, கடிக்கிறது, பின்னங்காலால் பிராண்டுகிறது. எச்சில் ஈரத்தில் தோல் ஊறி மேல்தோல் உரிகிறது. எந்த நாயின் தோலிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி அங்கே பெருகுகிறது. அதனால் இன்னும் எரிகிறது, இன்னும் நக்குகிறது. இந்தச் சுற்று ஆரம்பித்துவிட்டால் சில மணி நேரம் போதும். ராத்திரி நன்றாகத் தூங்கிய நாயின் கன்னத்தில் விடிந்ததும் உள்ளங்கை அகலத்துக்குப் புண் இருக்கும். வீட்டில் இருப்பவர்கள் யாரோ வெந்நீர் ஊற்றிவிட்டார்கள் என்றோ, தெருநாய் கடித்துவிட்டது என்றோ நினைப்பார்கள். ஆகவே செய்ய வேண்டிய வேலை இரண்டு. இந்தச் சுற்றை இன்றைக்கே அறுக்க வேண்டும். முதலில் அரித்தது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். முதல் வேலையை மட்டும் செய்தவர்கள் அடுத்த மழைக்கு மறுபடி என் வாசலில் நிற்பார்கள்.

2. ஈரப்புண்ணை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். தோல் நோய் எல்லாவற்றையும் நம் ஊரில் சொறி என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். மருந்து மாறிப்போவதற்கு அதுவே பாதிக் காரணம்.

ஈரப்புண் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கும். ஓரம் தெளிவாகத் தெரியும். நடுவில் முடி கொட்டி, சிவந்து, பளபளப்பாக நீர் கசியும். சுற்றியிருக்கும் முடி அந்த நீரில் ஒட்டிக் காய்ந்து தகடாக மூடியிருக்கும். தொட்டால் வலிக்கும், வாடை வரும். முடியடர்ந்த நாய்க்கு அந்தத் தகடு மட்டுமே தெரியும் என்பதால், கையை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் ஈரமும் சூடும் தெரியும்.

பூச்சியால் வரும் உண்மையான சொறி வேறு மாதிரி இருக்கும். காது ஓரம், முழங்கை, குதிகால், வயிறு என்று பரவும். நீர் கசிவதைவிடத் தோல் தடித்துப் பொருக்குத் தட்டுவதே அதிகம். காது மடலின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். நாய் உடனே பின்னங்காலைத் தூக்கிச் சொறிகிற மாதிரி ஆட்டினால் சொறியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வீட்டு மனிதர்களுக்கும் கையிலும் இடுப்பிலும் அரிப்பு வந்திருந்தால் சந்தேகம் இன்னும் பலப்படும். படர்தாமரை வட்டமாக முடி கொட்டி, செதில் விட்டு, காய்ந்து இருக்கும். அதுவும் குழந்தைகளுக்கு ஒட்டும். குட்டிகளுக்குக் கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் அரிப்பே இல்லாமல் முடி கொட்டினால், அது டெமோடெக்ஸ் என்ற பூச்சியின் வேலையாக இருக்கலாம். இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க டாக்டர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஈரப்புண் மற்ற நாய்க்கோ மனிதருக்கோ ஒட்டுகிற நோய் இல்லை.

3. தொடுவதற்கு முன் நாயின் வாயைப் பற்றி யோசியுங்கள். உங்கள் மடியில் தூங்கும் நாய்தான். ஆனாலும் வலிக்கிற இடத்தில் கை பட்டால் கடிக்கும். அதன்மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. மெல்லிய பருத்தித் துணியை மூக்கின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சுப் போட்டு, இரண்டு முனையையும் காதுகளுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டுங்கள். நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். அதனால் நம் ஊர் வெயிலில் இந்தக் கட்டுச் சில நிமிஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வாந்தி எடுக்கிற நாய்க்குக் கட்டவே கூடாது. பக் மாதிரி மூக்குச் சப்பையான நாய்களுக்கும் இது ஆகாது.

இன்னொன்றும் உண்டு. வெறிநாய்த் தடுப்பூசி போடாத நாய், எப்போதோ கடிபட்ட இடத்தை வெறிகொண்டு கடித்துக்கொண்டிருந்தால், அதோடு குணமும் மாறியிருந்தால், அருகில் போகாதீர்கள். ரேபிஸ் அப்படியும் தொடங்கும். அடைத்து வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். எந்த நாயின் பல் உங்கள்மேல் பட்டாலும் குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

4. முடியை எடுங்கள். புதியவர்கள் தயங்குவது இதற்குத்தான், அதிகப் பலன் தருவதும் இதுவேதான். முடி மூடியிருக்கும்வரை காற்றுப் படாது, மருந்தும் தோலுக்குப் போகாது. கத்தரிக்கோல் வேண்டாம். நாய்த்தோல் முடியோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்து வெட்டுப்பட்டுவிடும். ட்ரிம்மரால் எடுங்கள். புண்ணின் ஓரம் முடிந்து நல்ல தோல் ஒரு அங்குலம் தெரிகிறவரை எடுங்கள். புண்மேல் தண்ணீரில் கரையும் ஜெல்லியை முதலில் தடவிக்கொண்டால் வெட்டிய முடி அதில் ஒட்டிக் கழுவும்போது வந்துவிடும். முடி எடுத்த பிறகு, பார்த்ததைப்போல் இரண்டு மடங்கு புண் உள்ளே இருக்கும். பயப்பட வேண்டாம், அநேகமாக எல்லா நாய்க்கும் அப்படித்தான்.

அடுத்தது கழுவுதல். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் அரை லிட்டரில் ஒரு டீஸ்பூன் உப்பு போதும். மருந்துக்கடை நார்மல் சலைனும் இதற்கு ஆகும். போவிடோன் அயோடின் இருந்தால், பால் ஊற்றாத இளந்தேநீர் நிறத்துக்கு வரும்வரை தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். குளோர்ஹெக்சிடின் நல்ல மருந்து. ஆனால் பாட்டிலுக்குப் பாட்டில் வீரியம் மாறும், அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுத்தமான காஸ் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு மின்விசிறிக் காற்றில் உலரவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் மேலோட்டமான புண் ஓரிரு நாளில் ஈரம் வற்றித் தோல் மங்கலாகக் காயத் தொடங்கும். கட்டுப் போடாதீர்கள். மூடினால் மறுபடி ஊறும்.

நாய் கத்துகிறது, நடுங்குகிறது, கிட்டவே விடவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். டாக்டர் மயக்கம் கொடுத்து வலியில்லாமல் செய்வார். பிடித்து அமுக்கிச் செய்தால் நாய் உங்கள் கையை நினைவில் வைத்துக்கொள்ளும், அடுத்த முறை காது பார்க்கக்கூட விடாது.

5. புண்ணை நக்க விடாமல் கழுத்தைச் சுற்றி மாட்டுகிற புனல்தான் கோன். அதைப் போடாமல் எந்த மருந்தும் வேலை செய்யாது. கோன் மூக்கு நுனியைத் தாண்டி நீள வேண்டும். சாப்பாட்டுத் தட்டையும் தண்ணீரையும் ஒரு பலகைமேல் உயர்த்தி வைத்தால் பழகிக்கொள்ளும். கோன் கிடைக்காத ஊரில் பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, ஓரத்தில் துணி சுற்றி மாட்டிவிடுவோம். “பாவமாகப் பார்க்கிறது தாத்தா” என்று பேத்தி வயசுப் பிள்ளைகள் ராத்திரி கழற்றிவிடுவார்கள். நாய் ராத்திரியில்தான் விடாமல் நக்கும். தோல் முழுதும் காய்ந்து, நீங்கள் விரலால் தடவினாலும் நாய் திரும்பிப் பார்க்காத நாள்வரை கோன் கழுத்தில் இருக்கட்டும்.

6. தடவக் கூடாதவை. இதில் எனக்குப் பொறுமை குறைவு, மன்னிக்க வேண்டும்.

லாரிப் பட்டறையின் கழிவு எண்ணெய், மண்ணெண்ணெய், பேட்டரித் தண்ணீர், சுண்ணாம்பு. இவை மருந்தே இல்லை. உரிந்த தோலில் ஊற்றினால் சுடும், நக்கினால் வயிற்றுக்குப் போகும். வைரவன்பட்டிக் கோயிலில் வைரவரையும் அவர் வாகனத்தையும் கும்பிட்டுவிட்டு வருகிற ஊர் நம் ஊர். அங்கே தெருநாய்மேல் கழிவு எண்ணெய் ஊற்றி “சொறிக்கு நல்லது” என்று சொல்வதைக் கேட்க என்னால் முடியவில்லை.

டெட்டால், லைசால், ஃபினாயில் வேண்டாம். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் நல்ல தோலையும் சேர்த்துக் கெடுக்கும். கேலமைன் லோஷனிலும் குழந்தைகளின் நாப்கின் க்ரீமிலும் துத்தநாக ஆக்சைடு இருக்கிறது. நாய் அதை நக்கி விழுங்கினால் வாந்தி வரும், அதிகமானால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் மூன்று மருந்துக் கலவை ஆயின்மென்டுகளில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். படர்தாமரைமேல் அதைத் தடவினால் இரண்டு நாள் அடங்கி, பிறகு பரவும். டீ ட்ரீ ஆயில் இயற்கைப் பொருள் என்று விற்கிறார்கள். அதை அப்படியே தடவினால் நாய்க்கு நடை தள்ளாடும்.

மஞ்சளும் வேப்பெண்ணெயும்தான் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது. வேம்பின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் கசிகிற புண்மேல் எண்ணெய்க் குழம்பு எதுவுமே வேண்டாம். மேலே பொருக்குக் கட்டும், கீழே சீழ் பிடிக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஆறிய மாதிரியே தோன்றும்.

வலிக்குப் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கொடுக்காதீர்கள். மனிதருக்கு ஒரு மாத்திரை என்றால் நாய்க்குப் பாதி என்று கணக்குப் போடுகிறவர்கள் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிட்டுக் கூட்டிவருகிறார்கள்.

7. புண் இருக்கும் இடம் காரணத்தைச் சொல்லும். கன்னத்திலோ காதுக்குக் கீழோ இருந்தால் காதுக்குள் பாருங்கள். மழைக்காலத்தில் தொங்கு காது நாய்களுக்குக் காதில் பழுப்பு அழுக்கும் புளித்த வாடையும் வரும். நாய் பிராண்டுவது காதைத்தான், நகம் படுவது கன்னத்தில். காதை விட்டுவிட்டுக் கன்னத்துக்கு வைத்தியம் பார்த்தால் தீராது. காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றவும் வேண்டாம்.

வால் அடியிலும் இடுப்புக்கு மேலும் இருந்தால் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி. வாலுக்குக் கீழே நக்கிக்கொண்டு, தரையில் உட்கார்ந்தபடி தேய்த்து நகர்ந்தால், ஆசனவாய்க்கு இரண்டு பக்கமும் உள்ள பைகள் அடைத்திருக்கலாம். அதை டாக்டர் கையால் அழுத்தி எடுத்துவிடுவார். வயதான நாய் இடுப்பையோ முழங்காலையோ ஒரே இடத்தில் நக்கினால் மூட்டு வலியை நினையுங்கள். கால்விரல் இடுக்கில் என்றால் ஒட்டுப்புல்லோ நெருஞ்சி முள்ளோ இருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடந்து சலித்துப்போன நாய் முன்னங்காலை நக்கியே புண்ணாக்கிக்கொள்வதும் உண்டு. அதற்கு மருந்தோடு காலையும் மாலையும் நடை வேண்டும்.

8. தெள்ளுப்பூச்சி இல்லை என்று சொல்வதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். நாயை வெள்ளை வேட்டித் துண்டின்மேல் நிற்கவைத்து, வால் அடியில் முடியை எதிர்த்துச் சீவுங்கள். கறுப்புத் துகள் விழும். அதன்மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மண் என்றால் மண்ணாகவே இருக்கும். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு வட்டம் பரவினால் அது பூச்சி குடித்துக் கழித்த ரத்தம். பூச்சியைக் கண்ணால் பார்க்காவிட்டாலும் இதுவே போதும். தெள்ளுப்பூச்சியின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்குச் சில கடியே நாள் கணக்கில் அரிப்பைக் கொடுக்கும். நக்கி நக்கிப் பூச்சியை நாயே விழுங்கிவிடுவதால், இந்த நாய்களிடம்தான் பூச்சி தேடினாலும் கிடைக்காது.

9. இனி நம் வீடுகளுக்கு வருகிறேன். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பல, வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கும். கல்யாணம், படைப்பு, பொங்கல், கோயில் திருவிழா என்றால்தான் கதவு திறக்கும். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் காரில் நாயையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். வந்த மூன்றாம் நாள் நாய்க்கு வால் அடியில் புண். “ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை” என்பார்கள்.

தண்ணீர்மேல் பழி போடாதீர்கள். பூட்டிய வீட்டின் இரண்டாம் கட்டிலும் சாமான் அறையிலும் பூனை குட்டி போட்டிருக்கும். பூனைமேல் இருந்த தெள்ளுப்பூச்சியின் முட்டை உதிர்ந்து, சுருட்டிய பாயிலும் சாக்கிலும் மரப்படிக்கட்டின் இடுக்கிலும் புழுவாகிக் கூடு கட்டியிருக்கும். அந்தக் கூட்டுக்குள் அது மாதக் கணக்கில் சும்மா இருக்கும். ஆள் நடக்கிற அதிர்வு, உடல் சூடு, மூச்சுக் காற்று பட்டதும் கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும். கதவைத் திறந்து நாயை முதலில் உள்ளே விடுகிறோமே, அதற்காகவே காத்திருந்த பூச்சிகள் அவை.

ஆகவே நாயோடு வருவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டைத் திறக்கச் சொல்லுங்கள். பாய், சாக்கு, பழைய மெத்தை எல்லாம் வெயிலில் கிடக்கட்டும். வேக்குவம் கிளீனரால் மர இடுக்குகளையும் வளவுத் தூண்களின் அடியையும் உறிஞ்சி, பையை உடனே வெளியே எறியச் சொல்லுங்கள். மருந்து அடிப்பதென்றால் வளர்ந்த பூச்சியைக் கொல்வதோடு முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கும் மருந்தும் சேர்ந்து இருக்கிறதா என்று கேளுங்கள். அது காயும்வரை நாயும் குழந்தைகளும் வெளியில் இருக்கட்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஆசிட் ஊற்றிக் கழுவினால் பூ வேலைதான் போகும், பூச்சி போகாது. கூட்டுக்குள் இருப்பதைப் பெரும்பாலான மருந்து தொடாது என்பதால் மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும்.

10. உண்ணி இன்னும் பிடிவாதமானது. நம் ஊர் நாயின்மேல் இருக்கும் பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே தன் வாழ்க்கை முழுவதையும் நடத்தக்கூடியது. ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயிலிருந்து இறங்கிச் சுவரேறி, விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டை வைத்துவிட்டுச் சாகும். நாய்க்குக் கொடுக்கிற மருந்து நாய்மேல் இருப்பதைக் கொல்லும், சுவரில் இருப்பதை யார் கொல்வது? நாய் படுக்கும் இடத்தைச் சுற்றிச் சுவர் விரிசலையும் நிலைப்படி இடுக்கையும் பூசி அடையுங்கள். பிடுங்கிய உண்ணியை நகத்தால் நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். பிடுங்கும்போது தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். உண்ணி கடித்த நாய் சோர்ந்து, சாப்பிடாமல், ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் கசிந்தால் தோல் புண்ணை மறந்துவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். அது எர்லிக்கியா என்னும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை வேண்டும்.

11. மாட்டு மருந்தை நாய்க்குப் போடாதீர்கள். மாட்டு உண்ணிக்குத் தெளிக்கிற டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், அமிட்ராஸ் எல்லாம் மருந்துக்கடையில் கேட்டதும் கிடைக்கும். உரிந்த தோல்மேல் பட்டால் உடம்புக்குள் ஏறும். பெர்மெத்ரின் வகை மருந்து தடவிய நாயோடு உரசிப் படுக்கிற பூனை வலிப்பு வந்து சாகும். ஐவர்மெக்டின் ஊசியை மாட்டு அளவில் பார்த்துப் பழகிய கை, குட்டி நாய்க்கு அளவு தப்பும். கோலி வகை நாய்களில் பலவற்றுக்கு மரபிலேயே அந்த மருந்து மூளைக்கு ஏறிவிடும். இப்போது மாதம் ஒன்று, அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வாயில் கொடுக்கும் மாத்திரைகள் உண்டு. அஃபோக்சோலனர், ஃப்ளூராலனர் என்று அட்டையில் பெயர் இருக்கும். உண்ணி, தெள்ளு இரண்டுக்கும் கேட்கும். எடை பார்த்துக் கொடுக்க வேண்டும். நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். விலை கூடுதல்தான். ஆனால் வருஷத்துக்கு நாலு முறை புண் வைத்தியம் பார்க்கிற செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

12. டாக்டரிடம் போக வேண்டிய நேரம். புண்ணைச் சுற்றித் தனித்தனிப் பருக்களாகக் கிளம்பியிருந்தால் கிருமி ஆழத்துக்குப் போய்விட்டது, மேலுக்குக் கழுவி ஆறாது. கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால், காய்ச்சல் இருந்தால், சாப்பிடாவிட்டால், இரண்டு நாளில் ஈரம் வற்றாவிட்டால் காத்திருக்காதீர்கள். ஆழமான புண்ணுக்கு ஆன்டிபயாடிக் வேண்டும். டாக்டர் சொன்ன நாள்வரை கொடுங்கள், தோல் காய்ந்ததும் பாதியில் நிறுத்தாதீர்கள். பாதியில் நிறுத்திப் பழகினால் அடுத்த முறை அந்த மருந்து கேட்காது.

அரிப்பை அடக்க டாக்டர் சில நாளைக்கு ஸ்டீராய்டோ வேறு மாத்திரையோ கொடுப்பார். அது தேவைதான், சுற்றை அறுப்பது அதுதான். ஸ்டீராய்டு கொடுக்கும் நாட்களில் நாய் தண்ணீர் அதிகம் குடிக்கும், சிறுநீர் அதிகம் போகும், பசி எடுக்கும். பயப்படாதீர்கள். ஆனால் மாதாமாதம் போய் “அந்த அரிப்பு ஊசியையே போட்டுவிடுங்கள்” என்று நீங்களாகக் கேட்காதீர்கள். டாக்டரிடம் அதற்குப் பதில், “இது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?” என்று கேளுங்கள். ஏற்கெனவே வலி மாத்திரை கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அதோடு ஸ்டீராய்டு சேர்ந்தால் குடலில் புண் வரும்.

கிராமத்தில் இருந்தால் அரசின் கால்நடை உதவி எண் 1962. தீராத தோல் நோய்க்கு, கல்லூரி மருத்துவமனை என்றால் நமக்கு ஒரத்தநாடு உண்டு. சென்னைக்குப் போகிறவர்களுக்கு 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

13. ஈ மொய்க்க விடாதீர்கள். ஈரப்புண்ணில் ஈ முட்டை வைத்தால் ஒரு நாளுக்குள் புழு வந்துவிடும். நாய் ஒரே இடத்தை விடாமல் திரும்பிப் பார்த்தால், கெட்ட வாடை வந்தால் முடியை விலக்கிப் பாருங்கள். கற்பூரமும் டர்பன்டைனும் ஊற்றுவது பழைய வழக்கம். மேலே உள்ள புழு வெளியே விழும், உள்ளே குடைந்தது அப்படியே இருக்கும், நாய்க்கும் எரியும். டாக்டர் ஒவ்வொன்றாக எடுப்பார், புழுவைக் கொல்ல மருந்தும் கொடுப்பார். அன்றைக்கே போங்கள்.

14. குளியலும் மழையும். ஆவணி, புரட்டாசி இடிமழையிலும், பிறகு ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும்தான் எங்களிடம் ஈரப்புண் அதிகம் வரும். விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் கோல்டன் ரெட்ரீவரை ஊரணியில் நீந்தவிட்டு, மேல்முடியை மட்டும் துடைத்து, வளவில் கட்டிப்போடுவார்கள். மேலே தொட்டால் காய்ந்திருக்கும். அடிமுடியைப் பிரித்துப் பார்த்தால் சாயங்காலம்வரை ஈரம் இருக்கும், மறுநாள் காலை புண் இருக்கும். நீந்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை, அந்த நாயின் சந்தோஷமே தண்ணீர்தான். கரையேறியதும் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, ஈரிழைத் துண்டால் முடியைப் பிரித்துப் பிரித்து ஒற்றி, காதுக்குள்ளும் கழுத்துப் பட்டைக்கு அடியிலும் துடைத்து, விசிறிக்கு முன்னால் படுக்கவையுங்கள். நனைந்த பட்டையைக் கழற்றிக் காயப்போடுங்கள். பட்டைக்கு அடியில் வருகிற புண்ணை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நம் சோப்பும் ஷாம்பூவும் நாய்த்தோலுக்கு ஆகாது, தோலை உலர்த்தி அரிப்பைக் கூட்டும். நல்ல தோல் உள்ள நாய்க்கு வாராவாரம் குளியல் தேவையே இல்லை. தினமும் சீவுங்கள், அடிமுடி சிக்கு விழாமல் இருந்தால் போதும். வெயிலுக்கு நல்லது என்று இரட்டை முடி உள்ள நாயை மொட்டையடிப்பதையும் விட்டுவிடுங்கள். அந்த முடி வெயிலையும் தடுக்கிறது.

15. இவ்வளவும் செய்து, பூச்சியும் இல்லை, காதும் சுத்தம், ஆனாலும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் ஒவ்வாமையைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். தூசி, புல் மகரந்தம், சாப்பாடு எதுவாகவும் இருக்கலாம். சாப்பாடு என்றால் கோழி, மாட்டிறைச்சி, பால் ஆகியவற்றின்மேல்தான் முதல் சந்தேகம். நாய் முன்பு சாப்பிட்டிராத ஒரே ஒரு புரதத்தை எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பதுதான் சோதனை. எட்டு வாரமும் வேறு எதுவும் வாயில் போகக் கூடாது. ஆயா ஆசையாய் ஊட்டுகிற ஒரு வாய்க் கறிச்சோறு அத்தனை நாள் உழைப்பையும் வீணாக்கிவிடும். நம் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் கை நிறையப் போகிறது. ஒவ்வாமை இல்லாத நாய்க்கும் வெங்காயம் ரத்தத்தைக் கெடுக்கும், குழம்புச் சோறு வேண்டாம்.

16. ஊருக்குக் கிளம்பும்போது நாயைக் காவலுக்கு விட்டுவிட்டுப் போகிறவர்கள் கவனிக்க. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் நல்லவராக இருப்பார். வேளைக்குச் சோறு வைப்பார். ஆனால் முடிக்குள் கைவிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். போவதற்கு முன் அவரை உட்காரவைத்து, இரண்டு காது, கழுத்துப் பட்டையின் அடி, வால் அடி, விரல் இடுக்கு என்று தினமும் சாயங்காலம் எங்கெங்கே தடவிப் பார்க்க வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டுங்கள். மாத்திரை கொடுக்கும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு, கோனையும் சலைன் பாட்டிலையும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். டாக்டரின் நம்பரையும் 1962-ஐயும் முகப்பில் எழுதி ஒட்டுங்கள். ஆட்டோவுக்கும் மருந்துக்கும் பணத்தை முன்கூட்டியே அவரிடம் கொடுத்துவிடுங்கள். உங்களைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று அவர் காத்திருக்கும் அந்த ஒரு நாளில்தான் ஈ உட்காரும்.